பதினேழாம் கட்டம்

விண்ணப்பத்தில்
'நிரந்தர முகவரி' என்றொரு கட்டம்.
அப்பாவுக்கு லாரி ஷெட்டில் வேலை.
நாமக்கல், சேலம், ஓசூர், மறுபடி சேலம்:
ஒன்பது வாடகை வீடு.
கடைசி வீட்டின் கதவு எண்ணை எழுதினேன்,
அது புது எண்ணா பழைய எண்ணா என்று
அம்மாவிடம் போனில் கேட்டு.

கடலூர் ஓ.டி.யில் வந்து இறங்கியது
அக்னி நட்சத்திரத்தின் மூன்றாம் நாள்.
மீன்பிடித் தடைக்காலம்.
துறைமுகத்தில் விசைப்படகுகள்
விலாவோடு விலா ஒட்டி
பெயின்ட் வாசனையில் கிடந்தன.

ஒரு தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்,
மஞ்சள் நைலான் கயிறு, மூங்கில் குச்சிகள்.
உப்பனாற்றுச் சேற்றில் இருபது கட்டம்.
பதினொன்றிலிருந்து எனக்கு.
கார்த்திகையில் நட்ட கண்டல் கன்றுகளில்
எது இருக்கிறது, எது போய்விட்டது,
எத்தனை இலை, எவ்வளவு உயரம்.
அவ்வளவுதான் வேலை.

முதல் வாரம் சேறு என்னை நம்பவில்லை.
இடது பூட்ஸை வாங்கி வைத்துக்கொண்டது.
என்னோடு வந்த ஜெசிந்தா, காரைக்கால்காரி,
சிரித்த சிரிப்பில்
தன் நோட்டைத் தண்ணீரில் விட்டாள்.
காற்று தெற்குக்குத் திரும்பினால்
ஆலைகளின் வாசனை வரும்,
அழுகிய முட்டைக்கும் நகப்பூச்சுக்கும் நடுவே ஒன்று.
"சோழகம்" என்றான் படகு தள்ளும் வேம்பரசன்.
காற்றின் பெயரைச் சொன்னானா
குற்றவாளியின் பெயரைச் சொன்னானா தெரியவில்லை.

மூன்றாம் வாரம், ஒரு திங்கட்கிழமை,
கயிறு இல்லை.
குச்சிகளும் இல்லை.
ஜி.பி.எஸ். கருவியில் சார்ஜ் இல்லை.
"மதியம் ஆள் அனுப்புறோம்,
அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க"
என்றது அலுவலகம்.
மதியம் எல்லாம் தண்ணீருக்கடியில் போயிருக்கும்.

நின்றேன்.
பிறகு நடந்தேன்.
ஒற்றைக்கை பெருத்த நண்டுகள்
போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கையாட்டும் மேடு,
அது பதினாலின் வடக்கு ஓரம்.
வாரறுந்த நீலச் செருப்பு, வலது கால்:
பதினாறு.
அங்கிருந்து ஒன்பது எட்டு வைத்தால்
சேறு திடீரென்று ஜில்லென்று படும்,
ஏன் என்று யாரிடமாவது கேட்க வேண்டும்.
அங்கேதான் ஏழாவது கன்று.
ஆடு கடித்து, மறுபடி துளிர்த்தது.
போன புதன் அதற்கு ஒன்றரை இலை என்று எழுதி
அரை இலைக்கெல்லாம் பட்டியலில் இடமில்லை என
திட்டு வாங்கியிருந்தேன்.
இன்றைக்கு இரண்டு.

பதினேழு.

மறுநாள் கருவியோடு வந்து அளந்தார்கள்.
பதினாலில் ஓரடி பிசகு.
பதினெட்டு என்று நான் எண்ணியதில்
பாதி பத்தொன்பது.
பதினேழு மட்டும் சரி.

கயிறு சோனங்குப்பத்தில் கிடைத்தது,
ஒரு வீட்டு வாசலில் கொடியாக.
இரண்டு பள்ளிச் சட்டை, ஒரு லுங்கி,
கிளிப் மாட்டிய குழந்தைத் தொப்பி.
கேட்கத்தான் போனோம்.
மோர் கொடுத்தார்கள்.
கேட்காமல் வந்துவிட்டோம்.

தடை முடிந்த இரவு
படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின,
துறைமுகம் பல் விழுந்த வாய்போல ஆனது.
காலையில் சான்றிதழுக்கு ஒரு படிவம் நீட்டினார்கள்.
அதிலும் அந்தக் கட்டம்.
பேனா கொஞ்ச நேரம் சும்மா நின்றது.
சேலத்து எண்ணையே எழுதினேன்,
தபால்காரர் பாவம்.

இங்கே சேலத்தில் மணி பதினொன்றரை.
அம்மா குக்கர் வைக்கிறாள்.
ஓனர் வந்து
ஆடியோடு காலி செய்யச் சொல்லிப் போயிருக்கிறார்.
என் கால் நகத்தில் இன்னும் கறுப்புச் சேறு.
"இன்னைக்கு ஓதம் ரெண்டு மணிக்குத்தான்"
என்கிறேன், வாய் தவறி.

"எந்த ஓதம்?" என்கிறாள் அம்மா.

ஏழாவது கன்றின்
கழுத்து வரை வரும்.